குட்டி கேட்டால் கேள்வி வருகிறது: ராஜபாளையம் நாய் வளர்ப்பகம் ஒன்றின் விமர்சனம்

ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறவர்கள் வழக்கமாக மூன்றே விஷயம்தான் கேட்பார்கள். மூக்கு ரோஸா இருக்கிறதா, உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லையா, கடைசி விலை என்ன? விருதுநகர் மாவட்டத்தில், ராஜபாளையத்தை ஒட்டி இருக்கும் இந்த வளர்ப்பகத்துக்குப் போன் போட்டால் இந்த மூன்றுக்கும் உடனே பதில் வராது. "பகல்ல வீட்ல யாரு இருப்பாங்க?" என்று அவர்கள்தான் முதலில் கேட்கிறார்கள். பாதிப் பேர் அங்கேயே போனை வைத்துவிடுகிறார்களாம். வைக்கட்டும். குட்டிக்கு ரூ.18,000 வாங்கும் இடம் இது. அந்தப் பணத்துக்கு என்ன தருகிறார்கள், எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்ப்போம்.

நான்கு பெட்டை, இரண்டு கடுவன், வருஷத்துக்கு இரண்டு ஈத்து. அவ்வளவுதான் பண்ணை. எப்போது கேட்டாலும் "குட்டி ரெடி" என்கிற இடங்களோடு ஒப்பிட்டால் இது சின்னது. அதுவே நல்ல அடையாளம். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றிதழ் வராந்தாச் சுவரில் மாட்டியிருக்கிறது. கேட்காமலே கண்ணில் படுகிறது.

இணை சேர்ப்பதில் இவர்கள் காட்டும் கறார் நம் ஊரில் அபூர்வம். வெளிக் கடுவனைக் கொண்டுவந்தால் ப்ரூசெல்லா ரத்தப் பரிசோதனை முடிவு இல்லாமல் வாசலைத் தாண்ட விடுவதில்லை. இந்த நோய் வந்த பெட்டைக்குக் கரு கலையும், மனிதருக்கும் தொற்றும். இன்னொன்று, இணை சேரும்போது பரவும் பிறப்புறுப்புக் கட்டி. தெருநாய்களிடம் சர்வசாதாரணம். காலிஃபிளவர் போலச் சின்னதாக ஆரம்பித்து ரத்தம் சொட்டும். அதைப் பார்த்துவிட்டு "பெட்டை மறுபடி பருவத்துக்கு வந்திருக்கு" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. வாரம் ஒரு ஊசி வீதம் நாலைந்து வாரம் வின்கிரிஸ்டின் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். அதற்குள் எத்தனை நாய்க்குப் பரவியிருக்கும் என்பதுதான் கவலை.

ஈனும் அறையில் ஐந்தடிக்கு நாலடி மரப்பெட்டி. உள்சுவரைச் சுற்றி, தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு கம்பி ஓடுகிறது. தாய் சுவரில் சாய்ந்து படுக்கும்போது பின்னால் மாட்டிக்கொள்ளும் குட்டி நசுங்காமல் ஒதுங்க அந்த இடைவெளிதான். தரையில் துவைத்த சாக்கு விரித்திருக்கிறார்கள், செய்தித்தாள் இல்லை. தாளில் கால் வழுக்கும். வழுக்கி வழுக்கியே சில குட்டிகள் பின்னங்கால் விரிந்து தவளை மாதிரி ஆகிவிடும். முதல் வாரம் குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காக்க முடியாது என்பதால் படுக்கை ஓரத்தில் தெர்மாமீட்டர் ஒன்று தொங்குகிறது, 30 டிகிரியைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். மார்கழியில் குண்டு பல்பு எரிகிறது. அதுவும் ஒரு மூலையில் மட்டும், சூடு தாங்காத குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ள.

எல்லாமே வெள்ளைக் குட்டி என்றால் எது எது என்று எப்படித் தெரியும்? கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் கம்பளி நூல். குட்டி வேகமாக வளர்வதால் நூல் இறுகும். மூன்று நாளுக்கு ஒரு முறை அவிழ்த்துக் கட்டுகிறார்கள், கட்டியதும் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பார்க்கிறார்கள். தினமும் காலையில் சமையலறைத் தராசில் எடை. நோட்டில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறோம்: பச்சை நூல், பிறந்த அன்று 410 கிராம், மறுநாள் 405, மூன்றாம் நாளும் 405. பக்கத்தில் சிவப்பு மையில் "பின் காம்பு" என்று எழுதியிருக்கிறது. முதல் நாள் கொஞ்சம் குறைவது இயல்பு, இரண்டாம் நாளும் ஏறாவிட்டால் ஆபத்து. குட்டியை எடுத்துப் பால் அதிகம் சுரக்கும் பின் காம்பில் வைத்து, முண்டியடிக்கும் பெரிய குட்டிகளைப் பத்து நிமிஷம் கூடையில் ஒதுக்கியிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் 455. பத்தாம் நாள் வாக்கில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். பச்சை நூல் பன்னிரண்டாம் நாள் அங்கே வந்து சேர்ந்தது. இதே நிலையில் பசும்பால் புகட்டிக் கொல்கிறவர்கள்தான் அதிகம். நாய்ப்பாலில் இருக்கும் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் பாதிகூட இல்லை, லாக்டோஸ் மட்டும் கூடுதல். வயிற்றுப்போக்கில் ஒரே நாளில் குட்டி சுருண்டுவிடும்.

குடற்புழு மருந்து 2, 4, 6, 8 வாரங்களில், தாய்க்கும் சேர்த்து. உருண்டைப் புழு கருப்பையிலேயே குட்டிக்குள் போய்விடும், பாலிலும் வரும். அதனால் "சுத்தமாத்தான் வச்சிருக்கோம், புழு வராது" என்கிற பேச்சு செல்லாது. நான்காம் வாரம் ராகிக் கூழில் முட்டை, பிறகு கோழி வேகவைத்த சாதம். கால்சியம் சிரப் கிடையாது, அதற்கு ஒரு தனி சபாஷ். கம்பெனித் தீவனமும் போட்டு, மேலே சிரப்பும் ஊற்றி, நெடிய கால் கொண்ட குட்டியின் எலும்பைக் கோணலாக்குவது நம் ஊர் வியாதி.

இனி குறைகள். ராஜபாளையம் இனத்தில் காது கேளாமை உண்டு. தோலையும் மயிரையும் வெள்ளையாக்கும் அதே நிறமிக் குறைவு உள்காதிலும் இருக்கும். நிறமிச் செல் இல்லாவிட்டால் அங்குள்ள கேட்கும் செல்கள் பிறந்த சில வாரத்திலேயே செத்துவிடும். இந்த வளர்ப்பகம் செய்யும் சோதனை, எல்லாக் குட்டியும் ஒன்றாக இருக்கும்போது எவர்சில்வர் தட்டைத் தரையில் போடுவது. இது சோதனையே இல்லை. தட்டின் அதிர்வு காலில் தெரியும். பக்கத்துக் குட்டி துள்ளினால் செவிட்டுக் குட்டியும் துள்ளும். ஐந்து வாரம் ஆனதும் ஒவ்வொன்றாகத் தனி அறைக்குக் கொண்டுபோய், அது எதையாவது முகர்ந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து, காற்று படாத தூரத்தில், சாவிக்கொத்தையோ விசிலையோ ஒலிக்க வேண்டும். அப்போதும் ஒரு காது மட்டும் கேளாத குட்டி தப்பிவிடும். அதைப் பிடிக்க மூளையின் மின்னலைகளை அளக்கும் பேயர் சோதனை ஒன்றுதான் வழி. ஒரு காது போன நாய் வீட்டில் நன்றாகவே வாழும், ஆனால் அதிலிருந்து ஈத்து எடுக்கக் கூடாது. நாய்க்குப் பதினெட்டாயிரம் வாங்குகிறவர்கள் குறைந்தபட்சம் இணை சேர்க்கும் ஆறு நாய்க்காவது இதைச் செய்திருக்கலாம்.

இரண்டாவது குறை தடுப்பூசி அட்டை. முதல் ஊசி 6 வாரத்தில். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், டாக்டர் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் சரி. ஆனால் அட்டையில் 12 வாரத்தோடு "முடிந்தது" என்று அச்சடித்திருக்கிறார்கள். தாய்ப்பால் வழியே வந்த எதிர்ப்பு சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி வேலை செய்யாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசி ஊசியை 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ போடச் சொல்கிறார்கள். பன்னிரண்டில் நிறுத்தியவர் வீட்டில் நாலாம் மாதம் பார்வோ என்கிற, குட்டிகளைக் கொல்லும் வைரஸ் வயிற்றுப்போக்கு வந்தால் "ஊசி போட்டும் வந்துருச்சே" என்று டாக்டரைத் திட்டுவார்.

குட்டியை ஆள் பார்த்துக் கொடுப்பதில்தான் இந்த இடம் மற்றவற்றை விட்டு விலகி நிற்கிறது. இரண்டு பக்கப் படிவம், 19 கேள்வி. காம்பவுண்டுச் சுவர் எத்தனை அடி? ராஜபாளையம் ஐந்தடியைச் சாதாரணமாகத் தாண்டும், அதனால் ஆறடி கேட்கிறார்கள். வாடகை வீடா? அப்படியானால் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த சம்மதம் எங்கே? முன்பு வளர்த்த நாய் எதனால் இறந்தது, எப்போது? பார்வோவில் போயிருந்தால் அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருஷம்கூட, உயிரோடு கிடக்கும். அந்த வீட்டுக்கு ஊசிகள் முடிக்காத குட்டி கிடையாது, தரையை பிளீச்சிங் கரைசலில் கழுவிவிட்டு அடுத்த ஈத்துக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். முயல் வேட்டைக்கு என்றால் பேச்சே இல்லை. முயல் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். வேட்டைக்கு வாங்கியவர் ஓடாத நாயை என்ன செய்வார் என்பது இன்னொரு பக்கம். தோப்புக் காவலுக்குக் கேட்பவரிடம் பகலில் சங்கிலியில் எத்தனை மணி நேரம் என்று கேட்கிறார்கள். "சாயங்காலம் அவுத்து விட்ருவோம்" என்று பதில் வந்தால் பெயரை அடித்துவிடுகிறார்கள்.

படிவம் வந்து மூன்று நாள் கழித்து ஒரு போன். வாங்க வந்தவரிடம் இல்லை, "வீட்ல யாரு சோறு வைப்பாங்களோ அவங்ககிட்ட குடுங்க" என்கிறார்கள். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டு, கடைசியில் எல்லாம் அம்மா தலையில் விழும் கதை இந்த ஒரு போனில் வெளிவந்துவிடும். அம்மாவுக்கு நாய் என்றாலே பயம் என்று தெரிந்து முன்பணம் ரூ.2,000-ஐத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு.

குட்டியை வாங்குபவர் தேர்ந்தெடுக்க முடியாது. இது பலருக்கு எரிச்சல் தரும், ஆனால் அவர்கள் செய்வதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பார்க்கிறவர் முதலில் ஓடிவந்து காலைக் கடிக்கும் குட்டியைத் தூக்குவார், அல்லது மூலையில் ஒடுங்கிக் கிடப்பதைப் பாவம் பார்த்துத் தூக்குவார். முதலாவது, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் ஒரு வருஷத்தில் ஆளைத் தள்ளிவிடும். இரண்டாவது வளர்ந்ததும் பயத்தில் கடிக்கக்கூடியது. முதன்முறை வளர்ப்பவருக்கு அதைவிட மோசமான தேர்வு இல்லை. ஏழாவது வாரம் குடையை விரித்துக் காட்டி, தனியறையில் இரண்டு நிமிஷம் விட்டுப் பார்க்கிறார்கள். அந்த ஒரு நாள் சோதனையை வைத்து வளர்ந்த நாயின் குணத்தைச் சொல்லிவிட முடியாது. மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் எழுதிய குறிப்பு நோட்டுக்கு அதைவிட மதிப்பு அதிகம். அதை வைத்து இரண்டு குட்டி காட்டுவார்கள், அதில் ஒன்று நம்முடையது. இந்த இனம் வீட்டாரிடம் ஒட்டும், விருந்தாளி தொட்டால் விரும்பாது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறார்கள்.

ஒப்படைப்பது 60-ஆம் நாளுக்குப் பிறகு, நேரில் வந்தால் மட்டும். பஸ் பார்சல், ரயில் பார்சல் கிடையாது. கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு நிறுத்தம், தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டு, ஒரு வாரத்துக்கான அதே உணவு. மைக்ரோசிப் போட்டிருக்கிறார்கள். 15 இலக்க எண் பேப்பரில் இருக்கிறது, ஆனால் கழுத்தில் வைத்துப் படித்துக் காட்டும் கருவி அங்கே இல்லை. போகிற வழியில் உங்கள் டாக்டரிடம் படிக்கச் சொல்லி எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பதிவுப் பேப்பரில் உரிமையாளர் பெயரை மாற்றவும் மறக்காதீர்கள்.

எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்கும் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்கிறார்கள். ஏழு நாளுக்குள் டாக்டர் சான்றோடு வந்தால் முழுப் பணம், அதன்பின் பணம் இல்லை, நாயை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். நியாயமான ஏற்பாடு, ஆனால் எல்லாம் வாய்ப்பேச்சு. ரசீதின் பின்பக்கத்திலாவது எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் மறுப்பதில்லை.

பார்வை ஞாயிறு மட்டும், குட்டிக்கு ஆறு வாரம் ஆன பிறகு. வாசலில் பிளீச்சிங் கரைசல் தட்டில் செருப்பை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரே நாளில் இரண்டு மூன்று வளர்ப்பகம் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இங்கே முதலில் வரட்டும். வேறு இடம் போய்விட்டு வருகிறோம் என்று சொன்னால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.