ஒரு பகல் முழுதும் கடலில்: கேட்டமரான் பயணமும் பவளத்திட்டு நீச்சலும்

காலை 8 மணிக்குத் துறையை விட்டுக் கிளம்பி, ஒரு பவளத்திட்டின் இரண்டு இடங்களில் நீந்தவிட்டு, மாலை 4 மணிக்குக் கரை சேர்க்கும் கேட்டமரான் பயணம் ஒன்றுக்குக் கடந்த மாதம் குடும்பத்துடன் சென்றுவந்தேன். நானும் மனைவியும் ஓரளவு நீந்துவோம். 12 வயது மகள் நீச்சல்குளத்துக்கு வெளியே நீந்தியதில்லை. என் அக்காவுக்கு நீச்சலே தெரியாது. இத்தனை வேறுபட்டவர்களை ஒரே படகு எப்படி நடத்துகிறது என்பதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு இதனால் கிடைத்தது. பயணம் எங்கள் எல்லோருக்கும் மிகவும் பிடித்திருந்தது. இரண்டாவது நிறுத்தத்தில் நடந்த ஒரு செயலை மட்டும் என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்பது பலருக்கும் தெரிந்ததே. சொல் நம்முடையதாக இருந்தாலும் பொருள் மாறிவிட்டது. கட்டுமரம் என்பது மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவை. இன்றைய கேட்டமரானோ, ஒடுங்கிய இரண்டு படகுகளை இடைவெளி விட்டு நிறுத்தி மேலே ஒரு தளத்தால் இணைத்தது போன்ற அமைப்பு, பசிபிக் தீவு மக்களின் இரட்டைத் தோணிகளுக்கு நெருங்கிய உறவு. 1876இல் நியூயார்க்கில் நடந்த பந்தயத்தில் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நதானியேல் ஹெரஷாஃப் கட்டிய ‘அமரிலிஸ்’ என்ற இரட்டைப் படகு மற்ற பாய்மரப் படகுகளை முந்திச் சென்றது; தோற்றவர்கள் ஆட்சேபித்ததால் அது தகுதிநீக்கம் செய்யப்பட்டது. அன்று அவர்களைக் கலங்கவைத்த அதே அமைப்புதான் இன்று நீந்தத் தெரியாத ஒருவரையும் அச்சமின்றிக் கடலுக்குள் அழைத்துச் செல்கிறது. ஒற்றை உடல் கொண்ட பாய்மரப் படகு காற்று ஏறினால் ஒருபுறமாகச் சாய்ந்தே ஓடும். கேட்டமரான் தன் அகலத்தின் பலத்தால் ஏறக்குறைய மட்டமாகவே செல்லும். என் அக்கா முதல் அரைமணி நேரம் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தார்; பிறகு தானாகவே எழுந்து முன்பக்கம் சென்று, இரு அணியங்களுக்கும் (படகின் முன்முனைகளுக்கும்) நடுவே கட்டியிருந்த வலையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

சாயாது என்பதால் குமட்டாது என்று எண்ணிவிடக் கூடாது. குறுக்கே வரும் அலையில் கேட்டமரானின் ஆட்டம் சிறியதாகவும் வெடுக்கென்றும் இருக்கிறது; சில வேளைகளில் அலை தளத்தின் அடியில் மோதி அதிர்கிறது. மனைவிக்கு அரைமணி நேரம் தலைசுற்றல் இருந்தது. பணியாளர் ஒருவர் அவரைத் தளத்தின் நடுப்பகுதிக்கு அழைத்துவந்து, தொடுவானத்திலேயே பார்வையை நிறுத்தச் சொன்னார். கைபேசியைப் பார்க்க வேண்டாம் என்றார். அது பலன் தந்தது. குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கும் மாத்திரையால் அதிகப் பயன் இருக்காது என்பதால், தேவைப்படுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் புறப்படும் முன்பே எடுத்துக்கொள்ளுமாறு முந்தைய நாளே எங்களுக்குச் செய்தி வந்திருந்தது. அதைப் பொருட்படுத்தாதது எங்கள் தவறு.

இத்தகைய பயணங்களில் நான் முதலில் அறிய விரும்புவது, பாய் உண்மையிலேயே விரிக்கப்படுமா என்பதைத்தான். பாய்மரம் அலங்காரமாக நிற்க, போக வர முழுவதும் இயந்திரத்திலேயே ஓட்டும் படகுகள் உண்டு. நாங்கள் சென்ற படகிலும் காலையில் இயந்திரம்தான் ஓடியது. நான் சற்று ஏமாற்றத்துடன் விசாரித்தபோது கேப்டன் பொறுமையாகக் காரணத்தை விளக்கினார். காலையில் காற்று மெலிந்திருக்கும், நீர் தெளிவாக இருக்கும். ஆகவே நீந்துவதற்கு அதுவே உகந்த நேரம். பகல் ஏற ஏற நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடலிலிருந்து காற்று கரையை நோக்கி வீசத் தொடங்கும். அப்போது பாய் விரித்தால் திரும்பும் வழி முழுவதும் காற்றே படகை இழுத்துவரும். நாளின் ஒழுங்கைக் காற்றைப் பார்த்து அமைத்திருந்த அந்த அறிவு எனக்கு மிகவும் பிடித்தது.

பிற்பகல் 2 மணி அளவில் பெரிய பாயை ஏற்றி, முன்பாயை அவிழ்த்து, இயந்திரத்தை நிறுத்தினார்கள். அந்த நொடியை எழுத்தில் கொண்டுவருவது கடினம். அதுவரை காதில் இரைந்துகொண்டிருந்த ஒலி அற்றுப்போக, இரண்டு அணியங்களும் நீரைக் கிழிக்கும் சலசலப்பும், கயிறு இறுகும் முனகலும் மட்டுமே எஞ்சின. 25 பேர் இருந்த படகில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. கேப்டன் கரையை நோக்கி நேராக ஓட்டாமல், காற்றை விலாப்புறத்தில் வாங்கிக்கொண்டு நீண்ட கோணல் கோடாக ஓட்டினார். காற்று நேர் பின்னாலிருந்து வந்தால் படகும் காற்றும் ஒரே திசையில் போவதால் பாயில் உணரப்படும் காற்றின் விசை குறைந்துவிடுகிறது. பக்கவாட்டில் வாங்கினால் பாய் உப்பி, படகு விரைகிறது. நாங்கள் 8 நாட் வேகத்தைத் தொட்டோம், அதாவது மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். சாலையில் இது மிதிவண்டியின் வேகம்; நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே வலையில் படுத்திருப்பவருக்கு அது பறப்பதைப் போன்றது. திசை மாற்றும்போது பாயின் அடியைத் தாங்கும் கம்பம் மறுபுறம் வீசித் திரும்பும் என்பதால், ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே குரல் கொடுத்து எல்லோரையும் அமரவைத்த பிறகே திருப்பினார். மகளுக்குக் கால்மணி நேரம் சுக்கான் சக்கரத்தைப் பிடிக்கக் கொடுத்தார். கேப்டனின் கை சக்கரத்துக்கு அருகிலேயே இருந்தது, ஆனால் ஒருமுறையும் குறுக்கிடவில்லை.

இனி ஸ்நார்கெலிங், அதாவது கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் அணிந்து குப்புற மிதந்தபடி நீருக்கடியைப் பார்ப்பது. உபகரணங்களில் மாஸ்க்குகள் நல்ல நிலையில் இருந்தன. ஃபின்ஸ் எனப்படும் கால்துடுப்புகள் பழையவை, என் அளவுக்குக் கிடைத்த ஒன்றில் குதிகாலுக்கு மேலே விரிசல் இருந்தது. மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுத்த விதம் சிறப்பாக இருந்தது. பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உள்ளிழுத்துக் கையை எடுத்தால் அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் வேறொன்றை எடுக்க வேண்டும். முடி இடையில் சிக்கினாலும் மீசை அடர்த்தியாக இருந்தாலும் நீர் கசியும். எனக்குக் கசிந்தது, பட்டையை இன்னும் இறுக்கினேன், இன்னும் கசிந்தது. மிகையாக இறுக்கினால் விளிம்பு மடங்கிவிடும் என்று வழிகாட்டிப் பெண் சொல்லிப் பட்டையைத் தளர்த்திவிட்ட பிறகே சரியானது. கண்ணாடியில் பனி படராமலிருக்க உள்ளே எச்சிலைத் தடவிக் கடல்நீரில் ஒருமுறை அலசினால் போதும். குழாய்க்குள் நீர் புகுந்துவிட்டால் பதறாமல் ஒரே மூச்சாக வேகமாக ஊதி வெளியேற்ற வேண்டும். இதை நடுக்கடலில் முதன்முறையாகச் செய்யவைக்காமல், படகின் பின்படியில் இடுப்பளவு நீரில் அமரவைத்து ஒவ்வொருவரையும் மூன்று முறை செய்யவைத்தார்கள். மகளின் அச்சம் அந்தப் படியிலேயே பாதி கரைந்துவிட்டது.

முதல் நிறுத்தத்தில் நங்கூரம் போடவில்லை. கடலடியில் நிலையாகப் பொருத்திய மிதவையில் படகைக் கட்டினார்கள். நான் இதைத் தேடிப் பார்த்தே மகிழ்ந்தேன். பவளம் பாறையைப் போலத் தோன்றினாலும் நுண்ணிய உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. திரண்ட பெரும்பவளங்களில் பல ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஒரு நங்கூரமும் அதன் சங்கிலியும் ஒரு காலைப்பொழுதில் நொறுக்குவது பல பத்தாண்டுகளின் வளர்ச்சியாக இருக்கக்கூடும். கடல்தரையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் இருக்கும் இந்தத் திட்டுகளை நம்பித்தான் கடலுயிரினங்களில் ஏறத்தாழ கால்பங்கு வாழ்கின்றன.

நீருக்குள் முகத்தை வைத்ததும் முதலில் வந்தது காட்சி அல்ல, ஒலி. எண்ணெயில் எதுவோ பொரிவது போன்ற இடைவிடாத சடசடப்பு. சொடுக்கு இறால்கள் தம் இடுக்கியைச் சொடுக்குவதால் எழுவது அது என்று வழிகாட்டி பிறகு சொன்னார். அதனூடே கறுக் கறுக் என்று வேறொரு ஒலி கேட்டது. கிளிமீன்கள் தம் அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தன; அவை தின்று வெளியேற்றும் பவளத்தூள்தான் பவளத்திட்டுகளை ஒட்டிய பல கடற்கரைகளின் வெண்மணலில் பெரும்பங்கு. ஒரு மீன் அப்படி வெளியேற்றிய தூள் மெல்லிய திரையாக இறங்கியதை மகள் விரல் நீட்டிக் காட்டினாள். மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது நீரில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், இருப்பதைவிட அருகிலும் தெரியும். ஆகவே எட்டிப் பிடிக்கலாம் போலத் தோன்றியவை கைக்கு எட்டவில்லை. சிவப்பு நிறம் சில மீட்டர் ஆழத்திலேயே மங்கிவிடுவதால், மேற்பரப்புக்கு அருகே இருந்த பவளங்களே நிறைந்த வண்ணத்துடன் இருந்தன. சில கிளைகள் முற்றிலும் வெளுத்திருந்தன. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பவள வெளுப்பு அறிவிக்கப்பட்ட செய்தியை நான் படித்திருந்தேன். கடல் சூடாகும்போது பவளத்துக்குள் வாழ்ந்து உணவளிக்கும் நுண்பாசிகள் வெளியேற்றப்படுவதால் இந்த வெண்மை வருகிறது. வெளுத்த பவளம் உடனே இறந்துவிடுவதில்லை, நீர் விரைவில் குளிர்ந்தால் மீளும். அதனருகே மிதந்தபோது காலை அசைக்கவே தயக்கமாக இருந்தது.

அக்கா நீரில் இறங்குவார் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. லைஃப் ஜாக்கெட் அணிவித்து, ஒரு மிதவை வளையத்தைப் பிடிக்கச் செய்து, வழிகாட்டி அந்த வளையத்தைத் தானே இழுத்தபடி மெதுவாக நீந்தினார். அக்கா 20 நிமிடம் நீரில் இருந்தார். வெதுவெதுப்பான கடல்தான் என்றாலும், நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால் அசையாமல் மிதப்பவருக்கு விரைவில் குளிரெடுக்கும். உதடு நடுங்குவதைப் பார்த்ததும் அவரைத் தயங்காமல் மேலே ஏற்றிவிட்டார்கள்.

இந்தப் படகில் நான் மிகவும் மதிப்பது தலை எண்ணியதை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்பும் முன், பணியாளர் இருவர் தனித்தனியே எண்ணி, இரண்டு எண்களும் ஒத்துப்போன பிறகு பெயர்ப்பட்டியலையும் வாசித்தார்கள். பயணிகளில் சிலர் சலித்துக்கொண்டார்கள். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் முக்குளிக்கச் சென்ற ஒரு தம்பதியை விட்டுவிட்டுப் படகு கரைக்குத் திரும்பியது; எண்ணிக்கை தவறியது இரண்டு நாட்களுக்குப் பிறகே தெரிந்தது; அவர்கள் கிடைக்கவே இல்லை. அதை அறிந்தவர் எவரும் அந்த ஐந்து நிமிடத்துக்காக முகம் சுளிக்க மாட்டார்.

இவ்வளவு கவனமான படகில்தான் அது நடந்தது. இரண்டாவது நிறுத்தத்தில், நாங்கள் நீரில் இருக்கும்போதே, பணியாளர் ஒருவர் ஒரு பையிலிருந்து ரொட்டித் துண்டுகளைக் கடலில் வீசினார். மீன்கள் கூட்டமாகப் பாய்ந்து வந்தன. பயணிகள் ஆரவாரித்துப் படமெடுத்தார்கள். பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம் ஒதுக்கித் தருவதே சில மீன்களின் வேலை. அவற்றை ரொட்டிக்குப் பழக்கினால் மேய்ச்சல் குறையும், மனிதரைக் கண்டதும் முட்டி மோதும் குணமும் வளரும். மகளின் விரலை ஒரு மீன் கடித்தது, காயம் சிறியதுதான். பவளத்தைத் தொடாதீர்கள், அதன்மேல் நிற்காதீர்கள் என்று காலையில் அவ்வளவு அக்கறையுடன் சொன்னவர்களே இதைச் செய்ததுதான் என்னை வருத்தியது. வெயில் தடுப்புக் களிம்பிலும் இதே முரண் இருந்தது. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய வேதிப்பொருட்கள் கலந்த களிம்புகளின் விற்பனையைப் பவளத்துக்குத் தீங்கு என்று கருதி ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது. இந்தப் படகிலோ அதைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாங்கள் முழுக்கை நீச்சல் சட்டை அணிந்திருந்ததால் களிம்பு அதிகம் தேவைப்படவில்லை. குப்புற மிதப்பவருக்கு முதுகும் முழங்காலின் பின்புறமும்தான் முதலில் எரியும் என்பதை நினைவில் வைத்து, எல்லோரும் அத்தகைய சட்டையை எடுத்துச் செல்வது நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிழல் போதுமான அளவு இருந்தது. கழிப்பறை தூய்மையாக இருந்தது. இரண்டாவது நிறுத்தத்தில் கொடுத்த 40 நிமிடம் போதவில்லை. முன்பதிவு செய்வோர், எவ்வளவு நேரம் பாயில் மட்டும் ஓடும், நீரில் ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், நிற்பது மிதவையிலா நங்கூரத்திலா என்ற மூன்றையும் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். எங்களுக்கு முதல் கேள்விக்கு இரண்டு மணி நேரம் என்று சொல்லியிருந்தார்கள். அதில் ஒரு நிமிடமும் குறையவில்லை.

கரை சேர்ந்ததும் கேப்டனிடம் ரொட்டியைப் பற்றிப் பேசினேன். அவர் மறுக்கவில்லை. மீன் தென்படாத நாட்களில் பயணிகள் குறைப்படுகிறார்கள் என்றும், அதனால் தொடங்கிய பழக்கம் என்றும், அது சரியில்லை என்று தமக்கும் தெரியும் என்றும் சொன்னார். அன்று மீன்கள் தென்படாமல் இல்லை. முதல் நிறுத்தத்தில் ரொட்டியே இல்லாமல் நாங்கள் பார்த்தவற்றை மகள் இன்றும் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். அதை அவரிடமும் சொன்னேன். வரும் விடுமுறைக்கு அதே படகில் மீண்டும் இடம் பதிந்திருக்கிறேன். ஏறியதும் முதலில் அந்தப் பை இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.