அம்மாவுக்கு ஒரு வால்வெள்ளி

1986இல் ஹாலி வால்வெள்ளி வந்தபோது நான் கைக்குழந்தை. என்னை விட்டுவிட்டு வெளியே வர முடியாமல் அம்மா அதைப் பார்க்கத் தவறினார். அது மறுபடி வருவது 2061இல். அதனால்தான் 2024 அக்டோபர் 14 மாலை, சுச்சின்ஷான்-அட்லஸ் வால்வெள்ளியைப் பொதுமக்களுக்குக் காட்ட ஒரு வானியல் குழு நடத்திய கூடுகைக்கு அவரை அழைத்துப் போனேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். சூரியன் மறைந்த பிறகு வால்வெள்ளி மேற்கே தாழ்வாகத்தான் நின்றது. நிமிடத்துக்கு நிமிடம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அருமையான பொழுதில் எங்களை உட்காரவைத்து நீண்ட அறிமுக உரை நிகழ்த்தினார்கள். உரை நல்ல உரைதான். ஆனால் அதைச் சூரியன் மறையும் முன்பே முடித்திருக்க வேண்டும். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

பெரிய தொலைநோக்கிக்கு முன்னால் நீண்ட வரிசை. 8 அங்குல ஆடி கொண்ட டாப்சோனியன் வகை; இதில் கண் வைக்கும் இடம் குழலின் மேல் முனையருகே இருக்கும். முறை வந்து பார்த்தால், பஞ்சுப்பொதி போன்ற தலை மட்டும் தெரிந்தது. அவ்வளவு குறுகிய பார்வைப் பரப்பில் வால் அடங்காது. குழல் தாழ்வாகச் சாய்ந்திருந்ததால் கண் வைக்கும் இடமும் கீழே இறங்கிவிட்டது. முழங்கால் வலியுள்ள அம்மாவால் குனிய முடியவில்லை. உட்கார்ந்து பார்க்க ஒரு முக்காலி போட்டிருக்கலாம்.

அந்த மாலையைக் காப்பாற்றியவர் ஓரமாக நின்ற ஓர் இளம் தன்னார்வலர். முக்காலித் தாங்கியில் 10x50 பைனாகுலர், சிவப்புத் தாள் சுற்றிய டார்ச், வேறொன்றும் இல்லை. சுற்றியிருந்தவர்களின் செல்பேசிகளை அணைக்கச் சொன்னார். "இடப்பக்கம் பளிச்சென்று இருப்பது வெள்ளி அம்மா, வலப்பக்கம் சுவாதி நட்சத்திரம். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மேலே பாருங்கள். நேராக முறைக்காமல், சற்றுத் தள்ளிப் பார்வையை நிறுத்துங்கள்" என்றார். கிழக்கே நிலவு வெளிச்சம் வேறு. இருந்தும் கண் பழகப் பழக அந்த வெண்புகைக் கீற்று மேல்நோக்கி நீண்டது. பைனாகுலரில் வாலின் பெரும்பகுதி ஒரே பார்வையில் விழுந்தது.

தம் கேமராவில் எடுத்த படத்தையும் காட்டினார். வால் வழக்கமாகச் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் நீளும்; இதிலோ சூரியன் இருந்த பக்கமாகவே ஊசிபோல் இன்னொரு வால்! வால்வெள்ளியின் சுற்றுப்பாதை அமைந்த தட்டையான தளத்தைப் பூமி கடக்கும் நாள்களில் மட்டும், முன்பே சிதறிய தூசு பக்கவாட்டிலிருந்து அப்படித் தெரியும் என்று மணலில் கோடு போட்டு விளக்கினார். ஏழு கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் ஒன்றை இவ்வளவு எளிதாக யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

வால்வெள்ளி மறைந்ததும் பாதிக் கூட்டம் கலைந்தது. இருந்தவர்களுக்கு நிலவை ஒட்டி நின்ற சனியைக் காட்டினார்கள். வளையம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. இப்போது தொலைநோக்கியின் குழல் நிமிர்ந்திருந்தது. அம்மா நின்றபடியே பார்த்தார், இரண்டு முறை.