ஜன்னலைத் தரையோடு வையுங்கள்: வண்டலூர்ப் பக்கம் ஒரு தியானக் குடிலின் அனுபவம்

தியானக் குடில் கட்டப் போகிறேன் என்று வரைபடத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் காட்டுவது ஒரு கண்ணாடிச் சுவரைத்தான். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, அதற்கு அப்பால் மரங்கள், நடுவில் ஒரு பாய். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. சென்னை வெயிலில், மே மாதத்தில், அதற்குள் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லட்டும். அதோடு, கண்ணை மூடி உட்காரப் போகிறவருக்குக் காட்சி எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ரமணர் 1899 முதல் 1916 வரை இருந்த விருபாட்ச குகையில் என்ன காட்சி இருக்கிறது? ஆரோவில் மாத்ரி மந்திரின் உள்ளறைக்கு ஜன்னலே கிடையாது. மேலிருந்து இறங்கும் ஒற்றை ஒளிக்கற்றை ஒரு ஸ்படிகக் கோளத்தில் விழுகிறது, அவ்வளவுதான்.

எங்கள் குடில் வண்டலூர் காப்புக்காட்டுக்கு அருகே, அப்பா எப்போதோ வாங்கிப் போட்ட பட்டா நிலத்தில் இருக்கிறது. வேம்பு, நாவல், புங்கம், சில பனைகள், வேலியோரமெல்லாம் களாப் புதர். 2018-ல் கட்டினோம். உள்ளே பத்துக்குப் பன்னிரண்டு அடி, கிழக்கே ஐந்தடித் திண்ணை. நானும் தம்பி குடும்பமும் எதிர்வீட்டு அக்காவும் மாறி மாறிப் பயன்படுத்துகிறோம்.

இத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் மற்ற எல்லாவற்றையும்விட உதவியது ஜன்னலின் உயரம். வழக்கமாக ஜன்னலின் அடிமட்டத்தைத் தரையிலிருந்து மூன்றடியில் வைப்பார்கள். நாற்காலியில் உட்காருகிறவருக்கு அது சரி. சம்மணமிட்டு உட்கார்ந்தால் நம் உச்சந்தலையே இரண்டரை அடி உயரத்தில்தான் இருக்கும். வருகிற காற்றெல்லாம் தலைக்கு மேலேயே போய்விடும், கீழே நாம் வியர்த்துக்கொண்டிருப்போம். எனவே தென்கிழக்கு மூலையை ஒட்டி இரண்டு ஜன்னல்களை, தரையிலிருந்து முக்கால் அடியில், அகலமாகவும் குட்டையாகவும் வைக்கச் சொன்னேன். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. "பாம்புக்கு வாசல் வைக்கச் சொல்கிறீர்களே அம்மா" என்றார். அவர் கவலை நியாயமானது. அதனால் வெளியே நெருக்கமான இரும்புக் கம்பி, உள்ளே எஃகு வலை என்று இரண்டு காவல் போட்டோம். எதிர்ச்சுவரில், கூரையை ஒட்டி, நீளவாக்கில் வென்டிலேட்டர். கீழே நுழைகிற காற்று முதுகையும் கழுத்தையும் தொட்டுவிட்டு, சூடேறி மேலே வெளியேறிவிடுகிறது. மின்விசிறிக்கு ஒயர் இழுத்தே வைத்திருக்கிறோம், விசிறியை இன்னும் மாட்டவில்லை.

தென்கிழக்கு என்று சொன்னதற்குக் காரணம் கடற்காற்று. கோடையில் பகலில் அது அந்தத் திசையிலிருந்துதான் வரும். வண்டலூர் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் மயிலாப்பூர்க்காரர்கள் அனுபவித்த பிறகே எங்களுக்குக் கிடைக்கும். மேற்குக் காற்று வலுத்த நாளில் அதுவும் வராது. அப்படிப்பட்ட நாள்களில் விடியலில் உட்காருவதோடு சரி.

கொசுவைப் பற்றிச் சொல்லாமல் காட்டோரக் குடிலைப் பற்றிப் பேசுவது ஏமாற்று வேலை. அந்தி மயங்கும் நேரத்தில் திண்ணையில் உட்காருவதை மறந்துவிட வேண்டியதுதான். நைலான் வலையை அணில் ஒரே பருவத்தில் கடித்துவிட்டது, எஃகு வலை அப்படியே இருக்கிறது. வலை காற்றிலும் ஒரு பங்கைத் தடுத்துவிடும் என்பதால் ஜன்னலை அதற்கேற்ப அகலமாக வைக்க வேண்டும். கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியைத் தூரிகைப் பட்டை வைத்து அடைத்தோம், தேளும் வருவதில்லை. கொசுவர்த்திச் சுருளை மட்டும் உள்ளே அனுமதிப்பதில்லை. அந்தப் புகையில் உட்கார்ந்து பிராணாயாமம் செய்வதைப் போன்ற அபத்தம் வேறில்லை.

சுவர், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும், வெயில் உள்ளே இறங்குவதும் தாமதமாகும். மேற்குச் சுவரைச் சாயங்காலம் உள்பக்கமாகத் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். குறையும் உண்டு. வெற்றிடத்தில் எறும்பு குடியேறுகிறது, கண்ட இடத்தில் ஆணி அடிக்கவும் முடியாது. தரை சிவப்பு ஆக்சைடு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, துடைத்தால் போதும்.

இடம் தேர்ந்தெடுப்பதில் 2016 டிசம்பரில் வந்த வர்தா புயல் எங்களுக்கு முன்கூட்டியே பாடம் நடத்திவிட்டது. அந்தப் புயலில் சென்னை முழுக்க வேரோடு சாய்ந்தவற்றில் குல்மோகரும் தூங்குமூஞ்சியும் ஏராளம். குடிலை மரநிழலுக்குள் நுழைக்காமல், பெரிய மரங்கள் விழுந்தாலும் எட்டாத வெட்டவெளியில் வைத்தோம். நிழலுக்கு மேற்கே புங்கங்கன்றுகளை நட்டோம், இப்போது அவை கூரையைத் தொடுகின்றன. தரைமட்டத்தை இரண்டடி உயர்த்தியது 2023 மிக்ஜாம் மழையில் கைகொடுத்தது. நிலத்தில் தண்ணீர் தேங்கி நின்றது, முதல் படிக்கு மேல் ஏறவில்லை. சூரிய மின்தகடு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புங்கம் வளர வளரத் தகட்டின் மேல் நிழல் விழும், விளக்கு மங்கும். கூரையில் வைக்காமல் தள்ளித் தனிக் கம்பத்தில் வைப்பதே மேல்.

அமைதியைத் தேடி வருகிறவர்கள் முதல் நாள் திகைத்துப் போவார்கள். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம், செங்கல்பட்டு மின்சார ரயில், இவை போதாதென்று அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் சிங்கம். விடியலுக்கு முன் அது கர்ஜிப்பது, காற்று வாட்டத்தைப் பொறுத்து, அடுத்த அறையில் யாரோ மேசையை இழுப்பதைப் போலக் கேட்கும். எதிர்வீட்டு அக்கா முதன்முறை கேட்டபோது எழுந்து கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தார். இப்போது அது அவருக்கு அலாரம். மழைக்காலத்தை ஒட்டி வலசை வரும் ஆறுமணிக்குருவி காலையும் மாலையும் களாப் புதருக்குள்ளிருந்து இரட்டை விசில் அடிக்கும். சத்தமே இல்லாத இடம் வேண்டுமென்றால் சென்னைக்கு அருகில் தேட வேண்டாம். தகரக் கூரை போட்டு மழைச் சத்தத்தையும் கூடுதலாக வரவழைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

எங்கள் கூரை மங்களூர் ஓடு, அடியில் தட்டை ஓடு, தாங்குவது வைரம் பாய்ந்த பனஞ்சட்டம். பனையைக் கரையான் இதுவரை சீண்டவில்லை. ஓட்டுக்கு எதிரி குரங்கு. கூட்டமாக வந்து குதித்தால் நாலைந்து ஓடுகள் போகும், மழை வரும்போதுதான் எந்த ஓடு என்று தெரியும். அதனால் புரட்டாசி பிறந்ததும் ஏணி வைத்து ஏறி, சருகைக் கூட்டி, விரிசல்களைப் பார்த்துவிடுகிறோம். பழைய வீடு இடிக்கிற இடங்களில் ஓடு மலிவாகக் கிடைக்கும். வாங்கப் போகும்போது உங்கள் கூரையிலிருந்து ஓர் ஓட்டைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். ஒரு சூளை ஓட்டின் பள்ளமும் மேடும் இன்னொரு சூளை ஓட்டோடு பொருந்தாது, கடைக்காரர் பொருந்தும் என்றுதான் சொல்வார்.