கோல்ஃப் ஜிடிஐயில் டைவர்ட்டர் வால்வ் மாற்றிய பிறகு: சில வருட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டைவர்ட்டர் வால்வை மாற்றினால் குதிரைசக்தி கூடாது. கூடும் என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள். டர்போ அழுத்திக் கொடுத்த காற்று கசியாமல் இன்ஜினுக்குள் போய்ச் சேர வேண்டும், அதற்கான வேலைதான் இது. அப்படி எதிர்பார்த்துச் செய்தால், இந்தக் காரில் நான் செய்த மாற்றங்களில் மனசுக்கு மிகவும் நிறைவாக இருப்பது இதுதான்.

என்னுடையது ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் மார்க் 6 (ஆறாம் தலைமுறை) ஜிடிஐ. 2.0 டிஎஸ்ஐ இன்ஜின், ஆறு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக், கம்பெனிக் கணக்கில் 210 பிஎஸ், 280 நியூட்டன் மீட்டர். வார நாட்களில் கோலாலம்பூர் நெரிசலில் ஊர்வதும், லீவு கிடைத்தால் காராக் ஹைவே வழியாக கெந்திங் மலை ஏறுவதும்தான் இதற்கு வேலை. ஸ்டேஜ் 1 டியூன் (சாஃப்ட்வேரில் மட்டும் சக்தியைக் கூட்டுவது) போட்டு ஆர்ஓஎன் 97 பெட்ரோலில் ஓட்டுகிறேன்.

இந்த வால்வ் டர்போவின் கம்ப்ரஸர் (காற்றை அழுத்தும் பகுதி) உடம்பிலேயே உட்கார்ந்திருக்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொள்ளும், ஆனால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். போக வழியில்லாத காற்று திரும்பி வந்து கம்ப்ரஸர் சக்கரத்தையே முட்டும். அந்த நேரத்தில் ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) சொல்ல, சோலனாய்டு (மின்காந்தத்தால் இயங்கும் பாகம்) இந்த வால்வைத் திறந்து, காற்றை மறுபடி இண்டேக் பக்கமே அனுப்பிவிடும். மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சட்டென்று மூடி, பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) விடாமல் பிடிக்க வேண்டும். என் காரில் இருந்த ஒரிஜினல் வால்வில் அந்த மூடுகிற வேலையைச் செய்தது ஒரு ரப்பர் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு). ஸ்டாக் அழுத்தத்துக்கு அது போதும், அதற்காகத்தான் செய்தார்கள். ஸ்டேஜ் 1 போட்டு அழுத்தத்தை ஏற்றி, அதோடு இஞ்ஜின் சூட்டில் பல வருடம் வேகவைத்தால் ரப்பர் எத்தனை நாள்தான் தாங்கும்?

எனக்குத் தெரிந்த அறிகுறி இதுதான்: மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் முதலில் நன்றாக இழுக்கும், அப்புறம் நடுவில் தொய்ந்துவிடும். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. ஒரு வொர்க்‌ஷாப்பில் வேஸ்ட்கேட் (டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கதவு) தேய்ந்திருக்கும், டர்போவையே மாற்றிவிடலாம் என்றார்கள். இந்தத் தலைமுறை இன்ஜினில் வேஸ்ட்கேட் தேய்வதும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு செலவில் இறங்கும் முன் லாக் (ஓடும்போது பதிவாகும் எண்கள்) எடுத்துப் பார்ப்போம் என்று விசிடிஎஸ் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாஃப்ட்வேர்) கேபிளை மாட்டினேன். மெஷரிங் பிளாக் 115இல் ஈசியூ கேட்கும் பூஸ்ட்டும் நிஜமாகக் கிடைக்கும் பூஸ்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அதிக ஆர்பிஎம்மில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது, அதை ஈடுகட்ட, வேஸ்ட்கேட்டை இயக்கும் என்75 வால்வின் டியூட்டி (வேலை சதவீதம்) ஏறிக்கொண்டே போனது. அதாவது எங்கோ கசிகிறது, அதற்கும் சேர்த்து டர்போ உழைக்கிறது. இந்த இடைவெளி இன்னும் பெரிதானால்தான் பி0299 என்ற அண்டர்பூஸ்ட் (பூஸ்ட் குறைவு) பிழைக் கோட் விழும். கோட் விழட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

நான் போட்டது ஆஸ்திரேலிய நிறுவனமான ஜிஎஃப்பியின் டிவி பிளஸ். முழு வால்வையும் தூக்கிப் போடாமல், ஒரிஜினல் சோலனாய்டை வைத்துக்கொண்டு டயாஃப்ரம் இருந்த பகுதியை மட்டும் உலோக பிஸ்டனாக மாற்றுகிற அமைப்பு. இதில் சோலனாய்டு சைகை மட்டும்தான் கொடுக்கும், பிஸ்டனை அசைப்பது பூஸ்ட் அழுத்தமேதான். அதனால் அழுத்தம் ஏறினாலும் மூடியிருக்கும் பிடி தளராது, திறக்கும்போதும் தேவைக்கு ஏற்றபடிதான் திறக்கும்.

மாட்டுவது பெரிய வித்தையில்லை, ஆனால் இடம் மோசம். டர்போ இன்ஜினுக்குப் பின்னால் ஃபயர்வால் (இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தடுப்பு) பக்கம் இருக்கிறது, காரைத் தூக்கி அடித்தட்டைக் கழற்றிக் கீழிருந்துதான் கையை விட வேண்டும். மூன்று போல்ட். இரண்டு கண்ணுக்குத் தெரியும், மூன்றாவதை விரலால் தடவித்தான் பிடிக்கணும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். பழைய வால்வை வெளியே எடுத்து, ரப்பரை விரல் நுனியால் மெல்ல விரித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மடிப்பின் ஓரமாக நகம் அளவுக்கு ஒரு கீறல், அதைச் சுற்றி எண்ணெய்ப் பூச்சு. விரிக்காமல் பார்த்தால் நல்ல ரப்பர் என்றே சொல்லியிருப்பேன்.

மாட்டியபின் அதே ரோட்டில் அதே கியரில் லாக் எடுத்தேன், கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும் கிட்டத்தட்ட ஒரே கோடாக வந்தது. நடுவில் தொய்வதும் போச்சு. ஆனால் எனக்கு உண்மையிலேயே பிடித்தது மலைப்பாதையில். வளைவுக்கு முன் லேசாகக் காலைத் தூக்கி, திரும்பும்போதே மறுபடி மிதிக்கிறோம் இல்லையா, முன்பு அந்த இடத்தில் பூஸ்ட் மறுபடி சேரும் வரை ஒரு கணம் கார் யோசிக்கும். இப்போது அந்த யோசனை இல்லை, காலோடு சேர்ந்தே இழுக்கிறது. நகர நெரிசலில் எந்த வித்தியாசமும் இல்லை. பெட்ரோல் செலவிலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சத்தம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். காற்று வெளியே போவதில்லை, உள்ளேயே சுற்றுகிறது, அதனால் "ப்ஷ்ஷ்" சத்தம் வராது. குறைந்த ஆர்பிஎம்மில் பாதி மிதித்து விட்டால் மட்டும் மெல்லிதாக ஒரு படபடப்பு கேட்கும். பிஸ்டன் கொஞ்சமாகத் திறப்பதால் வருவது அது, குறைந்த அழுத்தத்தில் வருவதால் பயப்பட வேண்டாம். சத்தத்துக்காகவே காற்றை வெளியே விடும் ப்ளோ-ஆஃப் வால்வ் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றளவு சென்சார் ஏற்கனவே கணக்கில் எடுத்துக்கொண்ட காற்று வெளியே போய்விட்டால், அந்தக் கணக்குக்கு ஊற்றிய பெட்ரோல் மிச்சமாகி, ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் கலவை கெடும்.

இத்தனை வருடத்தில் பராமரிப்பு என்று பார்த்தால் சுத்தம் செய்தது மட்டும்தான். பிசிவி (இன்ஜின் உள்ளே சேரும் ஆவியை இண்டேக்குக்குத் திருப்பும் அமைப்பு) வழியாக வரும் எண்ணெய் ஆவி பிஸ்டன் மேல் படிந்து பிசுபிசுப்பாகும். வேறு வேலைக்காக அடித்தட்டைக் கழற்றும்போதெல்லாம் இதையும் இறக்கித் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு தடவி, ஓ-ரிங்கையும் பார்த்துவிட்டு மாட்டுகிறேன். பிஸ்டனில் தேய்மானமோ கோடுகளோ இதுவரை இல்லை.

டியூன் எதுவும் போடாத காரா, லாக்கில் இரண்டு எண்ணும் ஒத்துப்போகிறதா, அப்படியானால் இப்போதைக்குத் தொடாதீர்கள், அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம். ஸ்டேஜ் 1 போடப் போகிறவர்கள் டியூனுக்கு முன்பே பழைய வால்வை இறக்கி ரப்பரைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் ஒரு விஷயம், இந்தக் கிட்டுக்குப் பழைய சோலனாய்டு வேண்டும், அதனால் கழற்றும்போது அதன் கனெக்டரை இழுத்து உடைத்துவிடாதீர்கள். சூட்டில் காய்ந்த பிளாஸ்டிக், பூட்டை நன்றாக அமுக்கிவிட்டு மெதுவாக ஆட்டினால்தான் வரும்.