ஸ்பெக்ட்ரமா, பிபிசி மைக்ரோவா: எமுலேட்டர் எழுத எதை எடுக்கலாம்?

பழைய வீட்டுக் கணினி ஒன்றுக்குத் திறந்த மூல எமுலேட்டர் (அந்த மெஷினைப் போலவே இன்றைய கணினியில் நடந்துகொள்ளும் நிரல்) எழுதலாம் என்று பாளையங்கோட்டையில் நாங்கள் சிலர் கூடியபோது, போட்டி இரண்டு மெஷின்களுக்குள் வந்து நின்றது. ஒன்று 1981-இல் வந்த பிபிசி மைக்ரோ. மற்றது 1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், 48 கிலோபைட் நினைவகம் கொண்ட 48கே மாடல். இரண்டையும் கொஞ்சம் எழுதிப் பார்த்துவிட்டு ஸ்பெக்ட்ரத்தை எடுத்துக்கொண்டோம்.

பிபிசிக்கு நம் ஊர்ப் பாசம் உண்டு. பள்ளிகளில் கணினி சொல்லிக்கொடுக்க 1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற அரசுத் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது அந்த மெஷின்தான். "நம்ம பிள்ளைக படிச்ச மெஷினை விட்டுட்டு வேற எதுக்குடே?" என்று குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. அதன் பேசிக் மொழியும் அருமையானது. பிராசஸரின் கட்டளைகளை நேரடியாக எழுத உதவும் அசெம்பிளர் உள்ளேயே இருக்கிறது. பாடம் நடத்துவதற்கென்றால் இன்றும் அதைத்தான் சொல்வேன்.

பிராசஸரை மட்டும் பார்த்தாலும் பிபிசியின் 6502 எளிது. ஸ்பெக்ட்ரத்தின் இசட்80-இல் கட்டளைகள் அதிகம், ஆவணத்தில் இல்லாதவையும் சேர்த்து.

ஆனால் எங்களுக்கு முடிவைச் சொன்னது பராமரிப்பு. இங்கே கை கொடுப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். செமஸ்டர் விடுமுறையில் வருவார்கள், படிப்பு முடிந்ததும் வேலைக்குச் சென்னையோ பெங்களூரோ போய்விடுவார்கள். அடுத்து வருபவர் நிரலை முழுசாகப் படித்துப் புரிந்துகொள்ள முடியவேண்டும். 48கே ஸ்பெக்ட்ரத்தில் இசட்80-ஐ விட்டால் மிச்ச வேலையில் பெரும்பகுதி யூஎல்ஏ என்ற ஒரே சில்லுக்குள் அடங்கிவிடுகிறது: திரை, விசைப்பலகை, ஸ்பீக்கர், டேப். பிபிசியில் திரையின் நேரத்தை நடத்தும் 6845, வீடியோ யூஎல்ஏ, டெலிடெக்ஸ்ட் சில்லு, டைமரையும் உள்ளீடு-வெளியீட்டையும் கவனிக்கும் இரண்டு 6522, ஒலிச் சில்லு எல்லாம் தனித்தனி. ஒன்றைத் தொட்டால் இன்னொன்றின் நேரக் கணக்கு நகர்கிறது.

ஸ்பெக்ட்ரத்திலும் நேரக் கணக்கு உண்டு. ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையை ஒருமுறை வரைய, 69,888 கடிகாரத் துடிப்புகள். யூஎல்ஏ திரையை வரைந்துகொண்டிருக்கும்போது பிராசஸர் 16384 முதல் 32767 வரையிலான முகவரிகளில் உள்ள நினைவகத்தைக் கேட்டால் காத்திருக்க வேண்டும். அந்தத் தாமதம் 6, 5, 4, 3, 2, 1, 0, 0 துடிப்புகள் என்று சுழல்கிறது. இதில் ஒரு துடிப்பு பிசகினால் திரையின் ஓரமான பார்டரில் வரையும் வண்ணக் கோடுகள் இடம் மாறிவிடும். ஆனால் விதி இவ்வளவுதான், ஒரே கோப்பில் இருக்கிறது. இசட்80-க்கு ZEXALL என்ற சோதனை நிரலும் ஏற்கெனவே உண்டு. ஒரு மாணவர் திருத்தம் அனுப்பினால் அதை ஓட்டிப் பார்க்கிறோம். பிராசஸர் கட்டளைகளின் விடை எங்காவது பிசகினால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். அனுப்பியவர் ஊரைவிட்டுப் போனபிறகும் அந்தச் சோதனை இருக்கும்.

ரோம், அதாவது மெஷினுக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் மென்பொருள், அந்த விஷயமும் சீக்கிரம் தீர்ந்தது. பதிப்புரிமை வாசகத்தை மாற்றாமல் எமுலேட்டரோடு ஸ்பெக்ட்ரம் ரோமைக் கொடுக்க, அதன் உரிமையை வைத்திருந்த ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் 1999-இலேயே அனுமதித்துவிட்டது.

பிபிசியில் டிஸ்க் பகுதி வரை நாங்கள் போகவில்லை, அதனால் அதன் சிரமத்தை என்னால் எடைபோட முடியாது. 128கே ஸ்பெக்ட்ரத்தையும் இன்னும் தொடவில்லை. அங்கே மெமரி பேங்க் (மாற்றி மாற்றி இணைக்கும் நினைவகத் துண்டுகள்), தனி ஒலிச் சில்லு எல்லாம் வருவதால், ஒரே சில்லு என்ற என் வாதம் அவ்வளவு தூரம் நிற்காது.

அப்படியும் பிபிசிதான் வேண்டும் என்பவர்கள் 6522 டைமருக்கு முதலில் சோதனை எழுதிவிடுங்கள். சில விளையாட்டுகளின் பிரதித் தடுப்பே அந்த டைமரை நம்பித்தான் இருக்கிறது. திரை வேலை அப்புறம்.