மூன்று ஆண்டுத் தோல்விக்குப் பிறகு ஒரு கல்லூரிக் கால்பந்துப் பயிற்சி: பெற்றோர் ஒருவரின் மதிப்புரை

கும்பகோணத்திற்குக் கிழக்கே, அரசலாற்றுப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு கல்லூரியில் என் மகன் கால்பந்து விளையாடுகிறான். அவன் முதலாண்டில் சேர்ந்த அதே மாதத்தில்தான் இப்போதைய பயிற்சியாளரும் தொகுப்பூதியத்தில் பணிக்கு வந்தார். அன்றிலிருந்து மூன்று பருவங்கள் கடந்துவிட்டன. மண்டலப் போட்டிகளில் அணி இரண்டு முறை முதல் ஆட்டத்திலும் ஒரு முறை இரண்டாவது ஆட்டத்திலும் வெளியேறியது. பயிற்சியாளரை மாற்றக் கோரும் மனு ஒன்று இப்போது பெற்றோரிடையே சுற்றி வருகிறது. என் தங்கை மகன் வரும் ஜூனில் இதே கல்லூரியில் சேர விரும்புவதால், இந்தப் பயிற்சி எப்படிப்பட்டது, இவரை வைத்துக்கொள்ளலாமா என்ற இரண்டு கேள்விகளும் எனக்கு ஒன்றாகவே வந்து நிற்கின்றன. ஐந்து நட்சத்திரங்களுக்கு மூன்று தருகிறேன்.

முதலில் மைதானத்தைச் சொல்ல வேண்டும். மனுவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விதிப்படி கால்பந்து ஆடுகளத்தின் நீளம் 90 முதல் 120 மீட்டர் வரை இருக்கலாம். இங்கே ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் தென்னை மரங்களும் மறுபுறம் வாய்க்காலும் இருப்பதால், குறைந்தபட்ச அளவுதான் தேறுகிறது. வண்டல் படிந்த களிமண் தரை, சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பில் கால் சிக்கிக் கணுக்கால் பிசகிய பையன்களை நானே தூக்கி வந்திருக்கிறேன். ஐப்பசி பிறந்தால் நிலைமை தலைகீழாகும். ஒரு நாள் மழைக்கே கோல் முன்னுள்ள பெனால்டி எல்லைக்குள் தண்ணீர் தேங்கி, அதை வாளியால் இறைத்துவிட்டு, செங்கல் தூளைப் போட்டு மிதித்துத்தான் பயிற்சி தொடங்க முடியும். மழை வலுத்த வாரங்களில் பயிற்சி அப்படியே நின்றுவிடுகிறது. மணல் கலந்த மேட்டு நிலத்தில் ஆண்டு முழுவதும் ஆடும் கல்லூரிகளோடு மோதும்போது எங்கள் பையன்கள் கடைசி இருபது நிமிடங்களில் மூச்சு வாங்குவதற்கு, அந்த நின்றுபோன வாரங்களும் ஒரு காரணம்.

இன்னொன்று, அறுவடை. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கப்படும் ஆண்டுகளில் குறுவை அறுவடையும் சம்பா நடவும் புரட்டாசி, ஐப்பசியில் அடுத்தடுத்து வந்து நிற்கும். எங்கள் மண்டலப் போட்டிகள் மூன்று ஆண்டுகளிலும் அதே காலத்தில்தான் நடந்தன. அணியில் பாதிப் பேர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். களத்து மேட்டில் நெல் கிடக்க, மேகம் கறுத்து வரும்போது, "கோச் கூப்பிடுகிறார்" என்று சொல்லி எந்தப் பையனும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டான். கிளம்பவும் கூடாது என்பது என் எண்ணம். பயிற்சியாளர் இதற்காக யாரையும் அணியிலிருந்து நீக்கியதில்லை. அது அவருடைய நல்ல குணம் என்று சிலரும், அணி ஒழுங்கு கெட்டதற்கு அதுவே காரணம் என்று சிலரும் சொல்கிறார்கள்.

பயிற்சியின் தரத்தைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய குறை இல்லை. காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடிந்துவிடும். அரை மணி நேரம் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, மீதி நேரம் மரத்தடியில் நின்று விசில் ஊதும் பழைய பாணி இவரிடம் கிடையாது. இரண்டு பேருக்கு ஒரு பந்து, முதல் ஐந்து நிமிடங்களிலேயே காலில் பந்து. எங்கள் பக்கத்துப் பையன்கள் ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் எழுவர் ஆட்டத்தில் வளர்ந்தவர்கள். சிறிய களம், குறைந்த நேரம், எவனிடம் பந்து இருக்கிறதோ அவனே கோல் வரை ஓடுவது என்பதுதான் அவர்கள் அறிந்த ஆட்டம். பதினொருவர் ஆட்டத்தில் பந்து இல்லாதபோது எங்கே நிற்பது என்பதை அவர்களுக்கு முதல் முறையாகச் சொல்லிக் கொடுத்தவர் இவர். என் மகன் இடது பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன். முதலாண்டில் பந்தைப் பார்த்துக்கொண்டே ஆளை விட்டுவிடுவான். இப்போது தோள் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நகர்கிறான். தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பதை நினைவூட்டி, வகுப்பைத் தவிர்ப்பவனை அடுத்த நாள் பயிற்சியில் சேர்க்காமல் திருப்பி அனுப்புவார். அணி தோற்ற ஆண்டுகளிலும் இரண்டு பையன்கள் பல்கலைக்கழக அணித் தேர்வு முகாம் வரை போனார்கள். தேர்வாகவில்லை என்பது வேறு விஷயம்.

இனி அவருடைய தவறு. அது சிறியதன்று. 2019-ல் கால்பந்து விதி ஒன்று மாறியது: கோல் கிக் (எதிரணி கடைசியாகத் தொட்ட பந்து கோலாகாமல் கோல் கோட்டைத் தாண்டினால் தற்காக்கும் அணி அடிக்கும் உதை) அடிக்கும்போது பந்து பெனால்டி எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை, உள்ளேயே நிற்கும் தன் அணியினர் அதை வாங்கிக்கொள்ளலாம். உலகமெங்கும் பெரிய அணிகள் இதைப் பயன்படுத்தித் தரையோடு தரையாகப் பந்தைக் கடத்தி முன்னேறுகின்றன; எங்கள் பயிற்சியாளருக்கும் அந்த ஆட்டத்தின் மீது தீராத காதல். புல் சீராக வெட்டப்பட்ட களத்தில் அது அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி மாதச் சேற்றில் அது தற்கொலைக்குச் சமம். கடைசியாக நாங்கள் தோற்ற ஆட்டத்தில், சமநிலையில் இருந்தபோது, எங்கள் கோல் கீப்பர் பக்கவாட்டில் நின்ற பேக்குக்கு மெதுவாகத் தட்டிய பந்து தேங்கிய தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டது. எதிரணிப் பையன் இரண்டே எட்டில் வந்து வலைக்குள் தள்ளினான். அடுத்த கோல் கிக்கையாவது ஓங்கி அடிக்கச் சொல்வார் என்று கரையில் நின்ற எல்லாரும் எதிர்பார்த்தோம். சொல்லவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு தேநீர்க் கடையில் அவரிடம் கேட்டேன். "ஒரு தடவை தப்பு நடந்ததுன்னு விட்டுட்டா பசங்க எப்பவுமே கத்துக்க மாட்டாங்க சார்" என்றார். கற்றுக்கொள்வதற்குப் பயிற்சி நாள்கள் இருக்கின்றனவே என்று நான் சொன்னதற்கு அவர் பதில் சொல்லாமல் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார்.

கோல் கீப்பருக்குத் தனிப் பயிற்சி அறவே இல்லை என்பது அடுத்த குறை. 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்ட இடத்தைக் காக்க வேண்டியவன், மற்றவர்களோடு சேர்ந்து ஓடிவிட்டுக் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் பந்து பிடிக்கிறான். மாற்று ஆட்டக்காரர்களை இறக்குவதிலும் இவருக்குத் தயக்கம் அதிகம். எழுபதாவது நிமிடத்தில் நொண்டிக்கொண்டிருந்தவனைக்கூட எண்பத்தைந்து வரை களத்தில் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மாற்றத்தைக் கேட்பவர்களில் முதன்மையானவர் ஹூஸ்டனில் வேலை பார்க்கும் ஒரு முன்னாள் மாணவர். ஆண்டுதோறும் அணிக்கு ஜெர்சி வாங்கித் தருபவர். அமெரிக்கக் கல்லூரிகளில் தோற்கும் பயிற்சியாளரை இரக்கமின்றி நீக்கிவிடுவார்கள் என்பது அவருடைய வாதம். அங்கே கால்பந்து என்று பெயர் பெற்றிருப்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஆனாலும் உண்மை உண்மைதான். அவர் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்திலேயே 2023 நவம்பரில் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை ஒப்பந்தம் முடியும் முன் நீக்கியது. அதற்காக அவருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். அப்படி நீக்குவதால் பயன் உண்டா என்பதை அமெரிக்கர்களே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆட்லர், பெர்ரி, டோஹர்ட்டி ஆகிய மூவர் 1997 முதல் 2010 வரையிலான கல்லூரி அணிகளை எடுத்துக்கொண்டு, பயிற்சியாளரை மாற்றிய அணிகளையும் அதே நிலையில் இருந்தும் மாற்றாத அணிகளையும் ஒப்பிட்டு 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மிக மோசமாக ஆடிய அணிகளுக்கு மாற்றத்தால் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை. நடுத்தரமாக ஆடிய அணிகளோ மாற்றிய பிறகு இன்னும் கீழே போயின. மாற்ற வேண்டாம் என்போர் அலபாமா பல்கலைக்கழகப் பயிற்சியாளராக இருந்த நிக் சேபனைக் காட்டுகிறார்கள். 2007-ல், தம் முதல் பருவத்தில், லூசியானா மன்ரோ என்ற எளிய அணியிடம் சொந்த மைதானத்தில் தோற்றவர் 2009 பருவத்தில் தேசியப் பட்டம் வென்றார். இந்த உதாரணத்தை நான் அதிகம் நம்புவதில்லை. பொறுத்திருந்தும் சேபனாக மாறாத பயிற்சியாளர்களை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

நீக்கினால் யார் வருவார் என்ற கேள்விக்கும் மனுவில் பதில் இல்லை. உடற்கல்வி இயக்குநர் ஒருவரே தடகளம், கபடி, கைப்பந்து என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். கால்பந்தும் அவர் தலையில் விழுந்தால் மரத்தடி விசில் திரும்பி வரும். தொகுப்பூதியத்தில் வெளியூரிலிருந்து உரிமம் பெற்ற பயிற்சியாளர் வருவது எளிதன்று. வந்தாலும், புதியவருக்கு இந்த மண்ணும் மழையும் அறுவடையும் பழக ஒரு பருவம் பிடிக்கும். ஆகவே இவரை இன்னும் ஓராண்டு வைத்துக்கொள்ளலாம் என்பதே என் முடிவு. ஆனால் இப்போது இருப்பது போலவே விட்டுவிடக் கூடாது. மழைக்காலத்தில் எப்படி ஆடுவது என்று போட்டிக்கு முன்பே அவரும் இயக்குநரும் அமர்ந்து பேச வேண்டும். கோல் கீப்பருக்கு வாரம் இரண்டு நாளாவது தனியாள் வேண்டும். ஆடி மாதத்திற்குள் கோல் கம்பங்களின் முன்புறம் மணல் அடித்து மேடாக்க வேண்டும். ஜெர்சிக்குச் செலவாகும் பணத்தில் சில லோடு மணலாவது வாங்கலாம். இவையெல்லாம் நடந்து, அடுத்த பருவத்திலும் தண்ணீரில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தால், நானே மனு எழுதுவேன்.

சேர விரும்புவோருக்கு: ஸ்டட் காலணி நீங்களே வாங்க வேண்டும், களிமண்ணுக்கு ரப்பர் அடிப்பாகம் உள்ளதே போதும். முதல் டவுன் பஸ் ஐந்தே முக்காலுக்கு வருகிறது, அதை விட்டால் பயிற்சிக்குத் தாமதமாகும். தாமதமாக வருபவனை இவர் சேர்ப்பதில்லை. மனுவில் நான் கையெழுத்திடவில்லை. கோல் கீப்பருக்குத் தனிப் பயிற்சியும் கோல் முன்பு மணலும் கேட்டு வேறொரு கடிதம் எழுதி, இதுவரை ஆறு பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஹூஸ்டன்காரருக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன்.