குரூக்ஸ் கதிர்மானி: வாங்கலாம், பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்

இணையத்தில் பதிவுசெய்தால் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ பார்சலாக வந்துசேரும் கண்ணாடிக் குமிழ் இது. உள்ளே ஊசிமுனையில் நான்கு தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. உயர்தரப் பௌதிகவியல் வகுப்புக்கு நல்ல சாமான்தான். ஆனால் இதோடு வரும் துண்டுப்பிரசுரங்களில் "ஒளி அமுக்கத்தால் சுழல்கிறது" என்று இருந்தால் அது பிழை.

ஒளி தள்ளினால், அதைத் தெறிக்கவிடும் வெள்ளைப் பக்கம்தான் கூடுதலாகத் தள்ளுப்பட வேண்டும். இங்கே கறுப்பு பின்வாங்குகிறது. சதுர மீற்றருக்கு 1000 வாற்று வெயிலின் அமுக்கம் முழுத் தெறிப்பிலும் 6.7 மைக்ரோபஸ்கால்தான். தகடுகளைச் சுற்றுவது குமிழுக்குள் மிச்சமிருக்கும், ஏறத்தாழ 1 பஸ்கால் அமுக்கமுள்ள ஐதான வாயு. சூடேறிய கறுப்புப் பக்கத்தின் விளிம்பில் அது ஊர்வதால் விசை பிறக்கிறது.

வெப்பக்கதிர்ப்பு ஓடும் துணிக்கையை மந்தமாக்கும் என்பதை இதில் காட்ட நினைப்பவர்களும் உண்டு. காட்ட முடியாது, ஆனால் விளக்கத் தொடங்க நல்ல இடம். மின்னேற்றமில்லாத அணுவிலும் கதிர்ப்பின் மின்புலம் நேர், எதிர் ஏற்றங்களைச் சற்றே விலக்கி இருமுனையைத் தூண்டும். அணு ஓடும்போது டொப்ளர் விளைவால் முன்னாலிருந்து வரும் கதிர்ப்பின் மீடிறன் கூடும், பின்னாலிருந்து வருவது குறையும். முன்பக்கம் கூடுதல் உந்தம் ஏறுவதால் வேகத்துக்கு எதிராக இழுவை. ஐன்ஸ்டைனும் அவரோடு வேலைசெய்த பௌதிகவியலாளர் ஹொப்ஃபும் 1910இல் கணக்கிட்டது இதைத்தான். 300 கெல்வினில், 1 சதுர சென்ரிமீற்றர் குறுக்குப் பரப்புள்ள கரும்கோளம் செக்கனுக்கு 1 மீற்றர் ஓடினால் இழுவை 2.7 × 10⁻¹⁸ நியூட்டன். இந்தக் குமிழின் வாயு உராய்வு அதைவிடப் பத்தாயிரம் கோடி மடங்கு என்ற அளவில் பெரிது. பெருவெடிப்பின் மிச்சமாக விண்வெளியெங்கும் நிறைந்திருக்கும் பிரபஞ்சப் பின்னணிக் கதிர்ப்பு 2.725 கெல்வின்தான், அதனூடே சூரியன் செக்கனுக்கு 370 கிலோமீற்றர் ஓடுவதால் முன்திசையில் 3.36 மில்லிகெல்வின் சூடாகத் தெரிகிறது. அதே முன்–பின் வேறுபாடுதான். பிள்ளைகளுக்கு இந்த எண் மனதில் நிற்கும்.

வன்னியின் மத்தியான வெயிலில் தகடுகள் மங்கலாகிவிடும், சுற்றுகளை எண்ண முடியாது. காலை வெயிலில், ஜன்னலோரம் வையுங்கள். 9 வாற்று எல்.இ.டி. குமிழுக்குப் பெரும்பாலும் அசையாது. 60 வாற்று இழைக் குமிழை 15 சென்ரிமீற்றரில் பிடியுங்கள். எதிர்த்திசைச் சுழற்சிதான் இந்தக் கருவியின் மிக நல்ல பாடம். ஓரளவு சூடானதும் ஒளியை நிறுத்தி, கதிர்மானியைக் குளிர்பெட்டிக்குள் வையுங்கள். கறுப்புப் பக்கம் வெப்பத்தை வேகமாகக் கதிர்த்துக் குளிர்வதால் கொஞ்சநேரம் மறுபக்கம் சுற்றும். வெயிலில் காய்ந்த கண்ணாடியில் மட்டும் ஐஸ் வைக்க வேண்டாம், வெடிக்கும்.

பார்சல் குலுங்கித் தகடுகள் ஊசியை விட்டு விலகியிருந்தால் குமிழைத் தலைகீழாக்கி, மெல்லத் தட்டி, ஆறுதலாக நிமிர்த்துங்கள். அதற்கும் சுற்றாவிட்டால் கண்ணாடியை உருக்கி மூடிய கூர்முனையைப் பாருங்கள். அது ஒடிந்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது. திருத்த வழியில்லை, திருப்பி அனுப்புங்கள்.